எரியாத கட்சி

தம்பி, போன கிழமை நீ போனில் கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருப்பேன். நீ வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தாய். இங்கே எனக்கு அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. கல்யாண விஷயத்தை அப்படி நின்ற நிலையில் பேசக் கூடாது என்று விட்டுவிட்டேன். இப்போது உட்கார்ந்து எழுதுகிறேன். ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த எழுத்து, கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும். செல்வி டீச்சர் இதைப் படம் எடுத்து உனக்கு அனுப்பி வைப்பாள். அனுப்பும்போது அவளும் படிப்பாள். படிக்கட்டும். அவள் மாமியார் படிக்கட்டும், லயத்தில், இந்த வரிசை வீடுகளில், யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். மறைக்கச் சொல்லி நீ கேட்டதற்குத்தான் இது பதில், அதை நான் மறைத்து எழுதப் போவதில்லை.

நீ கேட்டதை உன் வார்த்தையிலேயே எழுதுகிறேன். "அம்மா, தர்ஷினி வீட்டு ஆளுங்க கேட்டா, அப்பா அவிசாவளையில கடை வச்சிருந்தாருன்னு சொல்லுங்க. லயம், பால் வெட்டு, அதெல்லாம் இப்போதைக்கு வேணாம். கல்யாணத்தன்னைக்கும் பெரியம்மா கதை, காமன் கதைன்னு எதையும் ஆரம்பிச்சிடாதீங்க. அவங்க கொழும்புல, வெள்ளவத்தையில இருக்கிறவங்க, வேற மாதிரி." என் பதில் ஒரே சொல்தான்: முடியாது. ஏன் முடியாது என்பதைத்தான் மீதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறேன். கோபம் வந்தாலும் பாதியில் வைத்துவிடாமல் படி.

நீ அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்குப் போன புதிதில், லூசியானா என்ற பெயரே என் வாயில் நுழையவில்லை. யட்டியாந்தோட்டை பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்கள் மகன் எங்கே என்று கேட்டால், "சதுப்பும் முதலையும் இருக்கிற ஊர்ல" என்றுதான் சொல்வேன். நீ வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர் கிளோவிஸ் என்ற மனுஷன், பெண்சாதியை இழந்தவர், எழுபத்தைந்தைத் தாண்டியவர், சமைக்கும்போது வாய் ஓயாமல் கதை சொல்கிறவர் என்று நீ சொன்னபோதுதான் எனக்கு நிம்மதி வந்தது. அவர் வெண்டைக்காயை நறுக்கிப் போட்டு, கோழியோ இறாலோ சேர்த்து, கொழகொழவென்று ஒரு குழம்பு வைத்துச் சோற்றில் ஊற்றித் தருகிறார் என்றாய். சோறும் வெண்டைக்காயும் தின்கிற ஜனங்கள் மத்தியில் பிள்ளை பட்டினி கிடக்க மாட்டான் என்று நான் மாரியம்மனுக்குத் தேங்காய் உடைத்தேன்.

அப்புறம் நீ ஞாயிற்றுக்கிழமை தோறும் அவருடைய கதைகளை எனக்குச் சொல்ல ஆரம்பித்தாய். அந்த ஊர் முயல் கதை ஞாபகமிருக்கிறதா? புத்தி மந்தமான ஒரு மிருகத்தை ஒவ்வொரு தடவையும் ஏமாற்றி, அது சேர்த்து வைத்த சாப்பாட்டைத் தின்றுவிட்டு ஓடுகிற முயல். அதை நான் மறுநாள் ரப்பர் பால் நிறுக்கிற இடத்தில் வாளியோடு வரிசையில் நின்றுகொண்டே சொன்னேன். நம் கூட வெட்டுகிற சோமாவதிக்குப் புரியட்டும் என்று பாதியைச் சிங்களத்தில் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "அனே, ஏ ஹாவா அபே நரியாட்டத் வடா ஹொரெக் நே" என்றாள். அந்த முயல் நம்ம நரியை விடப் பெரிய திருடன் என்று. அதே மாதிரி, ஓநாய்த் தலையோடு சதுப்பில் அலைகிற பேயின் கதை. அதற்குப் பன்னிரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாதாம். அதனால் வாசலில் பதின்மூன்று கல்லை வைத்துவிட்டால், எண்ணி எண்ணிக் குழம்பி விடிகிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருக்குமாம். "அப்ப அதுக்குக் கணக்கப்பிள்ளை வேலை கிடைக்காது" என்று நான் சொன்னதை நீ கிளோவிஸிடம் சொல்ல, அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார் என்றாய்.

ஒரு மாசி மாதம் நீ அனுப்பிய வீடியோவை இங்கே எல்லோரும் கூடிப் பார்த்தோம். முகமூடி போட்டுக் கந்தல் துணியில் கலர் கலராகக் குஞ்சம் தைத்த ஆட்கள், குதிரையிலும் வண்டியிலும் வீடு வீடாகப் போய்ப் பாடுகிறார்கள், வாசலில் ஆடுகிறார்கள், அரிசி கேட்கிறார்கள், ஒரு கோழியைத் துரத்திக்கொண்டு சேற்றில் விழுகிறார்கள். சேர்ந்ததையெல்லாம் ஒரே பானையில் போட்டு ஊருக்கே சமைக்கிறார்கள். நம் லயத்தில் அந்த வருஷம் ரதி வேஷம் கட்டிய பெருமாள் அதைப் பார்த்துவிட்டு, "இவனுங்க நம்ம ஆளுங்கடா" என்றான். நம் காமன் கூத்தும் அதே மாசியில்தானே? ரதியும் மதனும் லயம் லயமாக ஆடி வருவதும், நாம் முறத்தில் அரிசி கொண்டுவந்து போடுவதும் அதே மாதிரிதானே? அன்றைக்குப் போனில் நீ சின்னப்பிள்ளை மாதிரி கத்தினாய். "அம்மா, இவங்க கதையும் நம்ம கதைதான்மா!" அந்தச் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் போன கிழமை நீ பேசிய சத்தம் எனக்கு யாரோ அந்நியன் பேசின மாதிரி இருந்தது.

கிளோவிஸும் நானும் வீடியோ காலில் பேசிய நாளைப் பற்றியும் எழுத வேண்டும். அவர் இங்கிலீஷில் பிரெஞ்சைக் கலந்து சொன்னதை நீ எனக்குத் தமிழில் சொன்னாய், நான் சொன்னதை அவருக்கு இங்கிலீஷில் சொன்னாய். அவருடைய முன்னோர்கள் வடக்கே அகேடியா என்ற கடலோர ஊரில் இருந்தவர்கள், இங்கிலீஷ்கார அரசாங்கம் வீடுகளுக்குத் தீ வைத்து, குடும்பம் குடும்பமாகக் கப்பலில் ஏற்றித் திசைக்கு ஒன்றாக அனுப்பிவிட்டது என்றார். அந்த ஊர்ப் பெயர் ஜனங்களின் நாக்கில் தேய்ந்து தேய்ந்துதான் கேஜன் என்று ஆயிற்றாம். இழந்த ஊரையே தங்களுக்குப் பெயராக வைத்துக்கொண்டவர்கள்! அப்புறம் அவர் வம்சத்துக் கதை ஒன்றைச் சொன்னார். அண்ணனும் தம்பியும் வேறு வேறு கப்பலில் ஏற்றப்பட்டுப் பிரிந்தார்கள். முகம் மறந்து, தாடி நரைத்த காலத்தில், லூசியானாவில் ஒரு வயலோரம் யாரோ ஒருவன் பிள்ளைகளுக்கு முயல் கதை சொல்லிக்கொண்டிருந்தான். கதை முடிகிற இடத்தில் முயல் திரும்பி நின்று தும்மியது என்றான். அந்தத் தும்மல் வேறு யார் சொல்கிற கதையிலும் கிடையாது, அவர்களுடைய அம்மா மட்டும் சேர்த்துச் சொல்வது. வரப்பில் போய்க்கொண்டிருந்த தம்பி அப்படியே நின்றுவிட்டானாம்.

அதைக் கேட்டு நான் முந்தானையால் கண்ணைத் துடைத்தேன். அப்புறம் அவரே தொடர்ந்து சொன்னதுதான் எனக்கு இன்னும் உறைக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு பேசினதற்காக அவரை மூலையில் முட்டி போட வைத்தார்கள். இனிப் பேச மாட்டேன் என்று பலகை நிறைய எழுத வைத்தார்கள். அந்த அவமானம் தன் பிள்ளைகளுக்கு வரக் கூடாது என்று அவர் வீட்டில் பிரெஞ்சையே நிறுத்திவிட்டார், கதைகளையும் சேர்த்து நிறுத்திவிட்டார். இப்போது பிள்ளைகள் வேறு ஊர்களில் நன்றாக இருக்கிறார்கள். பண்டிகைக்கு வந்தால் அவர் கதையை எடுத்த உடனே போனைப் பார்க்கிறார்கள். "என் கதையைக் கேட்க உங்க மகன் உலகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டியிருந்தது" என்றார். அதை எனக்குத் தமிழில் சொல்லும்போது உன் குரல் உடைந்தது. நீதான் தம்பி, வேறு யாரும் இல்லை.

அந்த மனுஷன் பிள்ளைகள் மேல் இருந்த பாசத்தால்தான் வாயை மூடிக்கொண்டார். நீயும் என் வாயை மூடச் சொல்வது பாசத்தால்தான் என்று எனக்குத் தெரியும், உன் அம்மாவை யாரும் கேவலமாகப் பார்த்துவிடக் கூடாது என்கிற எண்ணம். உனக்குப் பதினொரு வயதில், டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்த புதிதில், பால் நாற்றம் அடிக்கிற சேலையோடு பள்ளிக்கூட வாசலுக்கு வராதே என்றாய். பின்னால் இருந்த பையன்கள் "தோட்டக்காட்டான்" என்று சொல்லி மூக்கைப் பிடித்தார்களாம். நான் சேலை மாற்றிக்கொண்டு வந்தேன். பதினொரு வயதுப் பிள்ளைக்காக எந்தத் தாயும் மாற்றுவாள். இப்போது உனக்கு முப்பது வயது தாண்டிவிட்டது. இன்ஜினியர் ஆகிவிட்டாய். இனிமேல் உனக்காக நான் சேலை மாற்ற மாட்டேன்.

நீ அனுப்பிய இன்னொரு வீடியோவுக்கு வருகிறேன். கிளோவிஸ் ஊரில் கதை சொல்கிற கூட்டம் ஒன்று, ஊர் ஜனங்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்க, நீ மேடையில் நின்று இங்கிலீஷில் என்னவோ சொல்கிறாய். இடையில் "பாக்கியம்" என்ற பெயர் மட்டும் எனக்குப் புரிந்தது. செல்வி டீச்சரைக் கூப்பிட்டு, நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லச் சொன்னேன். நீ சொன்னது என் அக்கா கதை. நான் உனக்குச் சொன்ன மாதிரியே சொன்னாய், ஒரு சொல் மாறவில்லை.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காக அதை இங்கேயும் எழுதுகிறேன். எங்கள் அப்பா இந்தத் தோட்டத்தில் காமன் கூத்து வாத்தியார். பாட்டெல்லாம் அவருக்குப் பாடம், அவரை விட அக்கா பாக்கியத்துக்குப் பாடம். பொம்பளைப் பிள்ளைகள் வேஷம் கட்டக் கூடாது என்பதால் ஆம்பளைகள் ரதியாக ஆடும்போது அக்கா ஓரமாக நின்று அவர்கள் மறந்த வரியை எடுத்துக் கொடுப்பாள். கூத்து முடிகிற கட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து மதனை எரித்தது மெய்தான், மதன் சாம்பலாகிவிட்டான் என்று ஒரு கூட்டம் பாடும். அவர்கள் எரிந்த கட்சி. இல்லை, மதன் எரியவே இல்லை, அவனை யாராலும் அழிக்க முடியாது என்று மறு கூட்டம் எதிர்த்துப் பாடும். அவர்கள் எரியாத கட்சி. அக்கா எப்போதும் எரியாத கட்சி. எதிரில் எத்தனை ஆம்பளைகள் இருந்தாலும் விட மாட்டாள்.

பக்கத்துத் தோட்டத்தில் அவளைக் கட்டிக்கொடுத்த பிறகு, யார் இந்தியா போவது, யார் இங்கே இருப்பது என்று இரண்டு நாட்டு அரசாங்கமும் நம்மைப் பங்கு போட்டார்கள். எங்கள் அப்பாவுக்கு இங்கே இருக்கலாம் என்று வந்தது. அக்கா புருஷன் வீட்டுக்கு இந்தியா போகச் சொல்லி வந்தது. அவள் பிறந்த காம்பராவை, லயத்தில் எங்களுக்கு இருந்த அந்த ஒற்றை அறையைத் தவிர, எந்த இந்தியாவையும் பார்த்ததில்லை. கொழும்புக் கோட்டை ஸ்டேஷனுக்கு நாங்கள் வழியனுப்பப் போனோம், நான் அப்போது பாவாடை கட்டின பிள்ளை. அந்தத் தலைமன்னார் ரயிலை ஜனங்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொல்வார்கள். பிளாட்பாரம் முழுக்க மார்பில் அடித்துக்கொண்டு அழுகிறார்கள், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்கிறார்கள். எங்கள் அம்மா மயங்கி விழுந்துவிட்டாள். அக்கா மட்டும் அழவில்லை. ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, அப்பாவைப் பார்த்துக் கத்தினாள். "அப்பா, நம்மளை எரிச்சிட்டதா நினைக்கிறானுங்க. நான் எரியாத கட்சி! பாடுங்கப்பா!" கோச்சி நகர்ந்தது. எங்கள் அப்பா அந்தப் பிளாட்பாரத்தில், அவ்வளவு அழுகைக்கும் நடுவில், எரிந்த கட்சிப் பாட்டைத் தொண்டை கிழியப் பாடினார். அவள் உள்ளேயிருந்து எதிர்ப்பாட்டுப் பாடிக்கொண்டே போனாள். பெட்டியிலிருந்த மற்றப் பொம்பளைகளும் சேர்ந்துகொண்டார்கள். கோச்சி கண்ணை விட்டு மறைந்த பிறகும் சத்தம் வந்துகொண்டிருந்தது.

மீதி உனக்குத் தெரியும். கப்பலில் கடல் கடந்து, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் இருந்து, நீலகிரியில் தேயிலைத் தோட்டத்துக்குப் போனாள். இங்கே நம்மை இந்தியாக்காரன் என்றார்கள், அங்கே அவளைச் சிலோன்காரி என்றார்கள். புருஷன் செத்த பிறகு, மூன்றாவது மாசியில், அவளே லயத்து முச்சந்தியில் கூத்துக்கான காமன் கம்பத்தை நட்டாள். பொம்பளை நடக் கூடாது என்று சொன்ன தலைவரிடம், "கடலைத் தாண்ட வச்சப்ப மட்டும் பொம்பளைன்னு விட்டு வச்சாங்களா?" என்று கேட்டாளாம். இன்றைக்கும் இருக்கிறாள். பல் எல்லாம் போய்விட்டது, கட்சி மாறவில்லை.

அந்த வீடியோவில் நீ கதையை முடித்ததும், லூசியானா ஜனங்கள் எழுந்து நின்று கை தட்டுகிறார்கள். ஒரு பொம்பளை அழுகிறாள். கிளோவிஸ் மேடை ஏறி வந்து தன் தொப்பியைக் கழற்றி உன் தலையில் வைக்கிறார். முன்பின் தெரியாத அத்தனை பேருக்கு நடுவில் நின்று, "என் அம்மா ரப்பர் வெட்டுகிறவள், இது அவள் எனக்குச் சொன்ன கதை" என்று நீ சொன்னதை டீச்சர் எனக்குச் சொன்னபோது, நான் வாசலில் போய் நின்று கொஞ்ச நேரம் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு காலம் வெட்டின மரமெல்லாம் எனக்குத் தலையாட்டின மாதிரி இருந்தது. அதே வாய், தம்பி, போன கிழமை என் புருஷனுக்கு அவிசாவளையில் கடை வைத்துக் கொடுத்தது. உன் அப்பா இந்தத் தோட்டத்துப் புகை வீட்டில் ரப்பர் ஷீட் காயப்போட்டே நெஞ்சு கெட்டுச் செத்த மனுஷன். செத்தவரைக் கடைக்காரர் ஆக்க உனக்கு யார் உரிமை கொடுத்தது? அமெரிக்காவில் பெருமையாக இருப்பது வெள்ளவத்தையில் மட்டும் ஏன் கேவலமாகிப் போகிறது? தூரத்து ஜனம் கேட்டால் கதை, பக்கத்து ஜனம் கேட்டால் அவமானம் என்று எந்தக் கூத்து வாத்தியார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்?

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். போன் வைத்த மறுநாளே தர்ஷினிக்குப் பேசினேன். "நாங்க தோட்டத்துலதான் இருக்கோம்மா. உங்க அம்மா அப்பாவைக் கூட்டிட்டு ஞாயித்துக்கிழமை வாங்க, சாப்பிட்டுப் போகலாம்" என்றேன். அவள் சொன்னாள்: "மாமி, எனக்குத் தெரியும். அவர் எனக்கு எல்லாம் சொன்னவர். அப்பாவுக்குத்தான் சொல்லேல்ல. நான் கூட்டிக்கொண்டு வாறன்." உன்னிடம் இப்போது சொல்ல வேண்டாம் என்று நான்தான் அவளிடம் கேட்டுக்கொண்டேன். அவளுக்கு நீ எதையும் மறைக்கவில்லை என்று தெரிந்ததும், உன் மேல் இருந்த கோபத்தில் பாதி போனது. மீதிப் பாதி இந்தக் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை வேன் லயம் வரைக்கும் ஏறவில்லை. நல்ல மழை பெய்து மண் வழுக்கியது. கீழே நிறுத்திவிட்டு ரப்பர் மரங்களுக்கு இடையில் நடந்து வந்தார்கள். சம்பந்தி வெள்ளை வேட்டி கட்டி வந்திருந்தார், அட்டை ஏறிக் காலில் ரத்தம். நான் சுண்ணாம்பு கொடுத்தேன், வாங்கித் தடவிக்கொண்டார். காம்பராவைச் சுற்றிப் பார்த்துவிட்டு முதல் கேள்வியே அதுதான். "தம்பி உங்கட வீடு அவிசாவளையில எண்டெல்லோ சொன்னவர்?"

"அவன் கூச்சப்பட்டுச் சொல்லிட்டானுங்க. எனக்குக் கூச்சம் இல்ல. இதுதான் வீடு. இங்கதான் அவன் பொறந்தான். அவங்க அப்பா புகை வீட்டுல வேலை செஞ்சவரு, நான் பால் வெட்டுறேன். உக்காருங்க."

உட்கார்ந்தார். முகம் இறுகிப் போயிருந்தது. நான் கோழிக் குழம்பும் வெண்டைக்காயும் வைத்திருந்தேன். சம்பந்தியம்மா கை கழுவிவிட்டு வந்து சாப்பிட ஆரம்பித்தார். சம்பந்தி தேத்தண்ணீர் போதும் என்றார். சுவரில் மாட்டியிருந்த அக்கா படத்தைக் காட்டி, "இவ ஆர்?" என்று சம்பந்தியம்மாதான் கேட்டார். கேட்டால் சொல்லாமல் விடுவேனா? எங்கள் அப்பாவின் கூத்திலிருந்து ஆரம்பித்தேன். சம்பந்தியம்மா சோற்றைப் பிசைந்த கையோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷினி தரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சம்பந்தி வெளியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார், கேட்கிறாரா இல்லையா என்று தெரியவில்லை. கோச்சி நகர்கிற இடத்துக்கு வந்தபோது திடீரென்று எழுந்தார். "இருட்டப் போகுது, வெளிக்கிடுவம்" என்றார். வெளிச்சம் இன்னும் நன்றாக இருந்தது. சம்பந்தியம்மா, "அவ சொல்லி முடிக்கட்டுமப்பா" என்று சொல்லிப் பார்த்தார். அவர் நிற்கவில்லை. படியில் இறங்கும்போது என்னைத் திரும்பிப் பார்த்து, "நாங்கள் ஒருக்கா யோசிக்க வேணும்" என்றார்.

"யோசிங்க. நல்லா யோசிங்க. ஆனா அவிசாவளைக்காரின்னு என்னைய நினைச்சு யோசிக்காதீங்க" என்றேன்.

வேன் போன பிறகு நடந்ததையும் மறைக்க மாட்டேன். மகன் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டேனோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பக்கத்துக் காம்பரா பொம்பளைகள் வந்து, "ஏன்க்கா, கல்யாணம் முடியற வரைக்கும் பொறுத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டார்கள். முடிந்த பிறகு தெரிந்தால் அந்தப் பிள்ளைதானே இரண்டு வீட்டுக்கும் நடுவில் நின்று பதில் சொல்ல வேண்டும்? நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்து, அது என் மடியில் உட்கார்ந்து "நீ யாரு?" என்று கேட்டால், கடைக்காரர் பெண்சாதி என்றா சொல்வேன்? கல்யாணம் கட்டுகிறவனுக்கு என்னிடம் இருக்கிற ஒரே புத்திமதி இதுதான். வீட்டுக்குள் ஒரு பொய்யை விட்டால், அதற்குச் சாப்பாடு போடுவதே உங்கள் இரண்டு பேருக்கும் வேலையாகிவிடும். உன் அப்பாவும் நானும் எதற்கெதற்கோ சண்டை போட்டோம், பாத்திரம் எல்லாம் பறந்திருக்கிறது. ஆனால் நாங்கள் யார் என்பதை எங்களுக்குள்ளோ வெளியிலோ ஒரு நாளும் மாற்றிச் சொன்னதில்லை.

அப்புறம் நாலைந்து நாள் ஒரு தகவலும் இல்லை. நேற்று மத்தியானம் பால் ஊற்றிவிட்டு வரும்போது போன் அடித்தது. தெரியாத நம்பர். எடுத்தால் சம்பந்தி. வணக்கம் சொன்னார், மழை விட்டதா என்று கேட்டார். விட்டது என்றேன். அப்புறம் கேட்டார்: "உங்கட அக்கா கோச்சியில போன பிறகு என்ன நடந்தது?"

வாளியைக் கீழே வைத்தேன். அவரே தொடர்ந்தார். "எங்கட வீட்டிலயும் ஒருத்தர் போனவர். என்ர தம்பி. சண்டைக் காலத்தில வள்ளத்தில ஏறிப் போனவன், திரும்பி வரேல்ல. வீட்டில அவனைப் பற்றி ஒருத்தரும் கதைக்கிறேல்ல. தர்ஷினிக்கே அப்பிடி ஒரு சித்தப்பா இருந்தது தெரியாது. நீங்கள் அண்டைக்கு உங்கட அக்காவைக் கதைக்கக் கதைக்க, எனக்கு இருக்க ஏலாமப் போச்சு. அதுதான் எழும்பினனான்."

நான் கோபமாக நினைத்த முகத்துக்குள் இது இருந்திருக்கிறது. இவ்வளவு படித்த வீட்டிலும் ஒரு மனுஷனைச் சுவரோடு சேர்த்துப் பூசிவிட்டிருக்கிறார்கள். எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது, ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "சம்பந்தி, எங்க அக்கா கதையோட மீதி நல்ல கதை. ஆனா போன்ல சொல்ல மாட்டேன். கல்யாண மண்டபத்துல எல்லாரும் இருக்கப்ப சொல்றேன். அன்னைக்கு உங்க தம்பியைப் பத்தி நீங்க சொல்லணும், எனக்கு இல்ல, உங்க மகளுக்கு" என்றேன். அவர் கேட்டார்: "கல்யாணக் கார்ட் அடிக்கக் குடுக்க வேணும். மாப்பிள்ளையின்ர ஊர் என்னெண்டு போடுறது?"

தோட்டத்துப் பெயரைச் சொன்னேன். தோட்டத்தில் எந்த டிவிஷன் என்பதையும் சேர்த்துப் போடச் சொன்னேன். அவர் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டார். ஆகவே, தம்பி, கார்ட் அப்படித்தான் வரும். உனக்குப் பிடிக்கவில்லை என்றால் நீயே மாமனாரிடம் பேசிக்கொள். நான் நடுவில் வர மாட்டேன்.

கிளோவிஸ் ஐயாவுக்கும் டிக்கெட் போட்டுவிட்டதாக நீதான் சொன்னாய். அவருக்கு முதல் வரிசையில் நடு நாற்காலி என்று நான் முடிவு பண்ணிவிட்டேன், சம்பந்திக்கு அவர் பக்கத்தில். மண்டபத்தில் மைக்கை வாங்கி நான் தமிழில் சொல்வேன், நம் லயத்துத் தமிழில். அந்த மனுஷனுக்கு ஒரு சொல்லும் புரியாது. அதனால் நீ மாலையோடு எழுந்து என் பக்கத்தில் வந்து நின்று, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாக அவருக்குச் சொல்ல வேண்டும். காதோடு சொல்லக் கூடாது. பின்வரிசையில் இருக்கிற வெள்ளவத்தைக்காரர்களுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாகச் சொல்.

உன் அம்மா